நாத்தனார் கல்லும் என் லேசரும்

என் லேசர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன், தாராளமாக. என் பேச்சில் பத்துக்கு ஒன்பதைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் புதிதாக வந்த மருமகனுக்குக்கூடத் தெரியும். ஆனால் லேசர் விஷயத்தில் மட்டும் தள்ளுபடி கிடையாது. அது சொன்னது சொன்னதுதான். இப்போது ஓய்வு பெற்று, காலை பத்து மணிக்கு எழுந்து, திட்டுவதற்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையை நிதானமாக, என் வசதிக்கு நீட்டிச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றி. வேறொரு கிரகத்துக்குப் போன ரோவர் வண்டியின் கழுத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. எட்ட இருக்கும் பாறையை லேசரால் ஒரு போடு போடும். பாறையில் கடுகைவிடச் சிறிய இடம் ஆவியாகிப் பொறியாக மின்னும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், கல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தன் நிறத்தில் தன் கோட்டைப் போட்டிருக்கும். சோடியம் மஞ்சளில் போடும். லித்தியம் மாதுளைச் சிவப்பில் போடும், அதுவும் இம்மியளவு இருந்தாலே ஊரைக் கூட்டிவிடும். கல்லில் நார் உரிப்பது என்பார்களே, நாங்கள் உரித்தோம். சம்பளமும் கொடுத்தார்கள்.

ஆனால் தராசு எவ்வளவு உயர்ந்ததானாலும் எடைக்கல் வேண்டுமே. அதற்காக ரோவரின் முதுகில் சின்னச் சின்னக் குழிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வட்டக் கல்வில்லையைப் பதித்திருந்தோம். எந்த வில்லையில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே போன பிறகு கருவி அவ்வப்போது கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே சுட்டு, “நான் ஒழுங்காகத்தான் சொல்கிறேனா?” என்று பார்த்துக்கொள்ளும். மனிதர்களுக்கும் அப்படி ஒரு வசதி இருந்திருக்கலாம். முக்கியமாக என் நாத்தனாருக்கு.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. அந்த வில்லைகளைச் செய்தவள் அவள்தான். பாறைகளைப் படித்தவள். நான் லேசர், அவள் கல், என் கணவர் அதே வளாகத்தில் வொர்க்‌ஷாப் என்ஜினியர். வீட்டிலும் ஆபீஸிலும் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் மனிதர் பேச்சையே கைவிட்டுக் கல்லுளிமங்கனாகிவிட்டார்.

முதுகில் இருந்த வில்லைகளில் ஒன்று அவளுடைய சொந்தக் கல். படிக்கிற காலத்தில் ஒரு மலைச்சரிவில் வெயிலில் கருகி, ஒரு சுத்தியலை உடைத்து, அவள் பெயர்த்தெடுத்த கரும்பாறை. அதை இடித்துத் தூளாக்கி, பிரஸ்ஸில் அழுத்தி, சூளையில் சுட்டு வில்லையாக்கினாள். “எனக்கு விமானம் ஏறினாலே வாந்தி வருது. என் கல்லாவது போகட்டும், அண்ணி” என்று அவள் ஒருமுறை சொன்னதை நான் கேலி செய்தேன். ஆனால் மறக்கவில்லை.

ரோவரைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் காலையில்தான் வினை வந்தது.

முதுகில் ஏறிய கல்லுக்கு ஆய்வகத்தில் இரட்டைப் பிறவிகள் சில உண்டு. அதே ஜாடித் தூளில் செய்த வில்லைகள். அவற்றைத்தான் நாங்கள் தினமும் சுட்டுப் பழகுவோம். பழைய வில்லைகள் சுடுபட்டுச் சுடுபட்டு இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டையாகிவிட்டதால், அவள் புதிதாகச் சில செய்து கொண்டுவந்தாள். பீப்பாய் அளவு எஃகுத் தொட்டிக்குள் ஒன்றை வைத்துக் கதவை இறுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, அந்தக் கிரகத்தின் காற்றைக் கொஞ்சம் விட்டோம். காற்று என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். லேசாகக் கரியமில வாயு, அவ்வளவே. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரோவர் கருவியின் ஆய்வக இரட்டையால் சுட்டேன். திரையில் எல்லாக் கோடுகளும் பழகிய இடங்களில் வந்து நின்றன. அழையா விருந்தாளியாகச் சிவப்பில் ஒன்று நிமிர்ந்து நின்றது.

“இது யாரு, அண்ணி?”

“லித்தியம்.”

“என் கல்லுல லித்தியம் கிடையாது.”

“அதைக் கல்லுகிட்ட சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற?”

“போன வாரம் வரைக்கும் இல்லையே! நடுவுல நீங்கதானே வெளிச்சத்தைக் கொண்டுவர்ற ஃபைபர் கம்பியை மாத்தினீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

“நடுவுல நீதானே புது வில்லை செஞ்ச? மாமியார் உடைச்சா மண்குடமா?”

“மாமியாரை ஏன் இழுக்கறீங்க? அது எங்கம்மா!”

இந்த இடத்தில் உள்ளே வந்தார் எங்கள் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று நான் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிவைப்பேன். திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“கருவி தப்பா, கல்லு தப்பா?”

“கல்லு” என்றேன். “கருவி” என்றாள். ஒரே மூச்சில்.

“சாயங்கால மீட்டிங்குக்குள்ள முடிவு சொல்லுங்க, மேடம். கல்லுதான் தப்புன்னா, அதே ஜாடித் தூள்ல செஞ்சதுதான் ரோவர் மேல இருக்கு. அதையும் நம்ப முடியாது. கழட்டிட்டு அந்தக் குழியில வெத்து டைட்டானியம் வில்லையைப் போட்டு மூடிடுவேன். கருவி தப்புன்னா, பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு நேரம் இல்ல. சந்தேகம் தீராத வரைக்கும் எனக்குச் சுலபமானது கல்லைக் கழட்டறதுதான்.”

அவர் போய்விட்டார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கார்கள், ஒரு குப்பைத் தொட்டி. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. சண்டையில் நான் ஜெயித்தால் அவள் கல் போச்சு. நான் தோற்றாலும் அவள் கல் போச்சு. இப்படி ஒரு சண்டையை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை, போட்ட சண்டைகளை அடுக்கினால் நிலவைத் தொடும் என்றாலும்.

“இங்க பாரு, என் லேசர் பொய் சொல்லாது” என்றேன், கொஞ்சம் இறங்கி.

“என் கல்லும் சொல்லாது.” அவள் திரும்பாமலே சொன்னாள். “நீங்கதான் முழுசாக் கேக்கறதில்ல. வெங்காயத்தைத் தோல் உரிச்சுக் குப்பையில போட்டுட்டு உள்ள இருக்கறதைப் பத்தி மட்டும் நியாயம் பேசற கூட்டம்.”

“என்ன தோல்?”

“அதான், மொத அஞ்சு ஷாட்டைத் தூக்கிப் போடறீங்களே!”

நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பக்கத்து அறைக்கே போய்விட்டது.

விஷயம் இதுதான். அந்தக் கிரகம் முழுக்கத் தூசி. எந்தப் பாறை மேலும் ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். முதல் சில ஷாட்டுகள் அந்தத் தூசியைத்தான் ஊதித் தள்ளும், அதற்குப் பிறகுதான் கல்லின் உண்மை வெளிவரும். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து ஷாட்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருந்தோம். அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே பழக வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆக, எறும்பு நுழைந்தால்கூடக் கால் கழுவிக்கொண்டு வரும் அளவுக்குச் சுத்தமான எங்கள் ஆய்வகத்திலும் முதல் ஐந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தோம். கம்ப்யூட்டரே தள்ளிவிடும். அந்த ஐந்தும் என்ன சொல்லின என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. என் பேச்சைக் குடும்பத்தார் கேட்பது மாதிரிதான்.

தள்ளப்பட்டவற்றைத் தோண்டி எடுத்தேன். ஷாட் ஷாட்டாக லித்தியத்தை மட்டும் வரிசையில் வைத்தேன். முதல் ஷாட்டில் அது கூரையை முட்டியது. அடுத்ததில் கொஞ்சம் குனிந்தது. அடுத்ததில் இன்னும். மாடிப்படியில் இறங்கி வருகிற மாதிரி இறங்கி, நாங்கள் வழக்கமாகப் பார்க்கத் தொடங்கும் இடத்தில் வால் மட்டும் மிச்சமிருந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து இருவரும் குஸ்தி போட்டிருக்கிறோம்.

“ஃபைபர்ல கோளாறுன்னா எல்லா ஷாட்டுலயும் ஒரே அளவா இருக்கணும்” என்றாள் நாத்தனார், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

“கல்லுக்குள்ள இருந்தாலும் ஒரே அளவா இருக்கணும். ஒவ்வொரு ஷாட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஆழமாப் போகுது. இது போகப் போகத் தேயுது.”

“அப்போ இது உள்ள இல்ல. மேல இருக்கு!”

“யாரோ பூசியிருக்காங்க!”

“என் கல்லு நல்ல கல்லு!”

“என் லேசரும் நல்ல லேசர்!”

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் நுழைந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. தொட்டியின் அழுத்தமானி ஒருகணம் நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பூசாத கல் ஒன்று வேண்டும். அதே மலை, அதே பாறை, தூளாக்காத துண்டு. அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். எங்கள் வீட்டு ஹால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. அவள் எனக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு அது. வேறு எதற்கும் அது உபயோகப்படவில்லை. என் கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

“என்னங்க, வீட்டுக்குப் போய்க் கதவுக்கு வச்சிருக்கிற கல்லை எடுத்துட்டு வாங்க.”

“கதவு அடிச்சுக்குமே.”

“அடிச்சுக்கட்டும்!”

மனிதர் கல்லை ஒரு துணிப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாத்தனார் அதைச் சுத்தியலால் இரண்டாகப் பிளந்தாள். கதவு படாத, கை படாத, காலம் காலமாக வெளிச்சமே படாத உட்புறம். அதைத் தொட்டிக்குள் வைத்துச் சுட்டேன். முதல் ஷாட்டிலிருந்தே பார்த்தோம். எல்லாக் கோடுகளும் இருந்தன. லித்தியம் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“அப்போ கல்லுக்கும் வில்லைக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு” என்றாள்.

மூவரும் அவள் அறைக்குப் போனோம். அரைக்கும் கலம், சலிக்கும் சல்லடை, சூளை எல்லாவற்றையும் அவள் முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்தாள். கடைசியாகப் பிரஸ்ஸிடம் வந்தாள். தூளை அச்சுக்குள் போட்டு, கைப்பிடியை அடிக்க அடிக்க, மேலே இருக்கும் தண்டு இறங்கி வில்லையை அழுத்தும். பழைய பிரஸ். அது போடும் கிறீச்சலில் பக்கத்து அறைக் கடிகாரம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கைப்பிடியை ஒரு அடி அடித்தாள். சத்தமில்லை. இன்னொரு அடி. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி தண்டு இறங்கியது.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு இருவரும் மெதுவாகத் திரும்பினோம். என் கணவர் கூரையில் இருந்த மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அண்ணா.”

“ம்?”

“பிரஸ் ஏன் கத்தல?”

“நீதானேம்மா சொன்ன, காதைத் துளைக்குது, தலைவலிக்குதுன்னு. பாவமா இருந்துது. அதான் கொஞ்சம் கிரீஸ்...”

“எந்த கிரீஸ்?” என்றேன்.

“நல்ல கிரீஸ்தான்.” சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்து நீட்டினார். நல்ல கிரீஸ்தான். உலகத்தில் பாதிக் கதவுகளும் சக்கரங்களும் அதில்தான் ஓடுகின்றன. டியூபின் மேல் பெரிய எழுத்தில் லித்தியம் கிரீஸ் என்று போட்டிருந்தது.

தண்டிலிருந்து வழிந்து வில்லையின் மேல் ஒட்டிய கிரீஸ் சூளையில் எரிந்து புகையாகப் போய்விடும். லித்தியம் போகாது. அது மெதுவாகக் கல்லுக்குள் இறங்கி, மேலே கெட்டியாக, கீழே லேசாக, மாடிப்படி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எண்ணெய் போடாமல் இயந்திரத்தைக் கெடுத்தவர்கள் உண்டு. அன்பு மிகுதியால் போட்டு ஒரு கிரகத்தின் ரசாயனத்தையே மாற்றப் பார்த்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

“எப்ப போட்டீங்க?” நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. “ரோவர் வில்லையை நான் அழுத்தறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். “ஞாபகம் இல்லையே, தங்கச்சி.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ உள்ளங்கால் வரை சிரிப்பு. ஏனென்றால் எனக்கு ஞாபகம் இருந்தது.

“அப்புறம்தான்” என்றேன். “அந்த வில்லையை அழுத்திக்கிட்டே நீ எனக்குப் போன் பண்ணின. உங்க அண்ணாவைப் பத்திப் புலம்பின. அந்தக் கிறீச்சல்ல ஒரு குறைகூட எனக்குக் கேக்கல. அவ்ளோ நல்ல குறையெல்லாம் வீணாப் போச்சேன்னு நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.”

“என்ன குறை?” என்றார் என் கணவர்.

“அதை அப்புறம் பேசிக்கலாம், அண்ணா.”

மீட்டிங்கில் கறார் எல்லாவற்றையும் கேட்டார். திரையில் லித்தியத்தின் மாடிப்படியைப் பார்த்தார், பிளந்த கல்லைப் பார்த்தார், கிரீஸ் டியூபை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“கருவி சரி, கல்லு சரி. ஒத்துக்கறேன். ஆனா ரோவர் மேல இருக்கிற வில்லை கிரீஸுக்கு முன்னாடி செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

“நான் காதால கேட்டேன்.”

“மேடம்.” அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். அவ்வளவு கனிவு அவருக்கு ஆகாது. “உங்க பேச்சுல பத்துக்கு ஒன்பது தள்ளணும்னு இந்தக் கட்டடத்துல வாசல் காவல்காரருக்கே தெரியும். அதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?”

வாழ்நாள் முழுக்க ஊதிய ஊதலெல்லாம் சேர்ந்து அன்றைக்குத்தான் என் தலையில் வந்து இறங்கியது. வாயடைத்து நின்றேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேசியவள் நாத்தனார்தான்.

“அந்த வில்லையையே சுடுங்க.”

அறையில் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். புறப்படத் தயாராக இருக்கும் ரோவரின் முதுகில் பதித்த வில்லையை யாரும் சுட்டதில்லை. சுட்டால் தழும்பு விழும். விழுந்தது விழுந்ததுதான்.

“லித்தியம் தெரிஞ்சா?” என்றார் கறார்.

“கழட்டிடுங்க. நானே திருகாணி திருகறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “எங்க அண்ணி கேட்டேன்னு சொன்னா கேட்டிருப்பாங்க. அவங்க மத்ததைப் பத்திப் பொய் சொல்லுவாங்க. என்னைக் குறை சொல்ல வாய்ப்பு கிடைச்ச இடத்துல, பொய் சொல்லி என்னைக் காப்பாத்த மாட்டாங்க.”

இதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ரோவர் நிற்கும் கூடத்துக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு போனோம். கண்கள் மட்டும் வெளியே. யார் யார் என்று அடையாளம் தெரியாது. நாத்தனாரை மட்டும் இடுப்பில் கை வைத்து நிற்கும் நிற்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். நான் கட்டளை கொடுத்ததும் ரோவர் மெல்லக் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைக் குனிந்து பார்த்தது. தோளில் பூச்சி ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள்.

“சுடட்டுமா?” என்றேன்.

“தூக்கிப் போடாம சுடுங்க” என்றாள்.

டிக். லேசர் பாறையைச் சுடும் சத்தம் விரலைச் சொடுக்குகிற மாதிரிதான் இருக்கும். அந்த ஒரு சொடுக்கில் அன்று கூடமே மூச்சை நிறுத்தியது. முதல் ஷாட்டின் நிறமாலை திரையில் விரிந்தது. சோடியம், கால்சியம், இரும்பு. சிவப்பில் என் கண் போய் நின்றது. அங்கே ஒன்றுமில்லை. சமதரை. இரண்டாவது, சமதரை. மூன்றாவதும் அப்படியே. முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை ஒரு படிக்கட்டுகூட இல்லை.

கறார் திரையை நெருங்கி, கண்ணாடிக்கு உள்ளே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“பறக்கட்டும்” என்றார். முகமூடிக்குள் அவர் சிரித்தாரென்று நான் சத்தியம் செய்வேன். நீங்கள் வழக்கம்போல் தள்ளிக்கொள்ளுங்கள்.

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். இரண்டு கையுறைகளுக்கு நடுவில் என்ன தெரியும் என்கிறீர்கள்? தெரிந்தது. விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி தெரிந்தது. வாசல் பக்கம் ஒரு வெள்ளை உடுப்பு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது எங்கள் கல்லுளிமங்கன். பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். அவள்தான் போய் அவரைத் திருப்பி நிறுத்தினாள்.

கல் போய்ச் சேர்ந்தது. பத்திரமாக இறங்கியது. அதற்குள் நானும் ஓய்வு பெற்றேன், என் பின்னாலேயே அவளும். முதல் படங்கள் வெளிவந்த அன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியைக் கேட்காமல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ரோவரின் முதுகு. செம்மண் தூசி படிந்த வில்லைகள். அவளுடையதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நடுவில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி.

“என் கல்லைப் பாருங்க, அண்ணி. எவ்ளோ தூரம் போயிருக்கு!”

“நடுவுல இருக்கிற குழி என்னுது.”

“குழி யாருதா இருந்தா என்ன? கல்லு என்னுது.”

“குழி இல்லைன்னா கல்லு கிடங்குல கிடந்திருக்கும், தாயே.”

அந்த நேரம் பார்த்து ஹால் கதவு கிறீச்சென்று கத்திக்கொண்டு திறந்தது. கல்லை இரண்டாகப் பிளந்த நாளிலிருந்து அதற்கு முட்டுக் கொடுக்க ஆளில்லை. என் கணவர் காபித் தட்டோடு நின்று, கீலையே ஏக்கமாகப் பார்த்தார்.

“இதுக்கு மட்டும் கொஞ்சம்...” என்றார்.

“கூடாது!” என்றோம் இருவரும்.